கனரக இயந்திரங்களின் என்ஜின் பழுது: உதிரிபாகச் செலவைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

எக்ஸ்கவேட்டரோ லோடரோ டோசரோ, என்ஜின் படுத்துவிட்டால் உரிமையாளர் முதலில் கேட்பது "பாகம் என்ன விலை?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை நான்கு இருக்கின்றன. எது போயிருக்கிறது? ஏன் போனது? எந்த அளவில் பாகம் வேண்டும்? பழையதையே மீண்டும் போட முடியுமா? இவற்றுக்கு விடை தெரியாமல் கடையில் எவ்வளவு பேரம் பேசினாலும், அங்கே கிடைக்கும் தள்ளுபடி தவறாக வாங்கிய ஒரே ஒரு பாகத்தில் போய்விடும். நான் பார்த்தவரை, உதிரிபாகத்தில் வீணான பணத்தில் பெரும்பகுதி அளக்காமல் ஆர்டர் கொடுத்ததால் வீணானது. அதனால் விலை பற்றிய பேச்சு இந்தக் கட்டுரையில் சற்றுத் தாமதமாகத்தான் வரும்.

1. கழற்றுவதற்கு முன் நோயைக் கண்டுபிடியுங்கள்

கரும்புகை தள்ளுகிறது, இழுவை இல்லை என்றதும் இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) செட்டையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு. கரும்புகை என்றால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லை என்று அர்த்தம். அடைத்துப்போன ஏர் ஃபில்டர், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவுக்கும் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் கிழிந்த ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், இவையெல்லாம் அதே புகையைத்தான் தரும். ஆறு இன்ஜெக்டருக்கு விலை கேட்டுவிட்ட பிறகு, ஹோஸின் அடிப்பக்கம் ஒரு கீறலைக் கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு. சோப்புத் தண்ணீரும் கொஞ்சம் காற்றழுத்தமும் போதுமானதாக இருந்தது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல் அல்லது கூலன்ட். மோந்து பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

காமன் ரயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் வகை) என்ஜினில் இன்ஜெக்டர் மீது சந்தேகம் வந்தால், முதலில் ரிட்டர்ன் அளவைச் சோதியுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிக் குப்பியில் விட்டு, ஒரே நேரத்தில் எவ்வளவு டீசல் சேர்கிறது என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாகச் சேர்ந்தால் அதுதான் கசிகிறது. ஆறுக்குப் பதில் ஒன்றையோ இரண்டையோ கழற்றி பெஞ்சில் சோதித்தால் போதும்.

பேக் கம்ப்ரஷன் (என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் காற்றழுத்தம் ஏறுவது) அதிகம் என்றதும் பிஸ்டன் ரிங் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டர்போவின் சீல் தேய்ந்தாலும் அழுத்தக் காற்று ஆயில் வடிகுழாய் வழியாக கிராங்க் கேஸுக்குள் வரும். ஏர் கம்ப்ரஸர் பொருத்திய என்ஜினில் அதன் ரிங் தேய்ந்தாலும் இதே கதைதான். இந்த இரண்டையும் விலக்கிப் பார்த்து, சிலிண்டர் கம்ப்ரஷனையும் தனித்தனியாக அளந்த பிறகுதான் ரிங்கைக் குற்றவாளி ஆக்கலாம்.

சென்சார் விஷயமும் இப்படித்தான். பிழைக் குறியீட்டில் ஒரு சென்சாரின் பெயர் வந்தால், அந்தச் சுற்றில் கோளாறு என்றுதான் பொருள்; சென்சாரே கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. உரசி வெட்டுப்பட்ட வயர், பச்சை பூத்த கனெக்டர் பின், தளர்ந்த எர்த் இவற்றைப் பாருங்கள். பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்று ஷார்ட் ஆனால் நான்கைந்து குறியீடுகள் சேர்ந்து வரும். ஐந்து சென்சார் வாங்குவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

2. ஏன் போனது என்று தெரியாமல் புதியதைப் போடாதீர்கள்

டர்போ இதற்கு நல்ல உதாரணம். அது தானாகக் கெடுவது குறைவு. வேறு எதுவோ கெடுக்கிறது. ஷாஃப்டும் பேரிங்கும் நீலம் பாய்ந்து எரிந்திருந்தால் ஆயில் போய்ச் சேரவில்லை. ஆயில் குழாயின் உள்ளே கரி படிந்து அடைத்திருக்கும், அல்லது சூடான என்ஜினை ஐடிலில் விடாமல் சட்டென்று நிறுத்தும் பழக்கம் இருக்கும். காற்றை இழுக்கும் பக்கத்துச் சக்கரத்தின் இறக்கைகள் நசுங்கியிருந்தால் வெளிப்பொருள் உள்ளே போயிருக்கிறது. இறக்கையின் விளிம்பு மணல் தீட்டியதுபோல் மெலிந்திருந்தால் தூசி. காரணத்தைச் சரிசெய்யாமல் பூட்டும் புது டர்போ பழையதைப் போலவே போகும். இரண்டு டர்போ விலை கொடுத்திருப்பீர்கள்.

ஈர லைனர் (வெளிச்சுவரில் கூலன்ட் நேரடியாகப் படும் சிலிண்டர் உறை) கொண்ட என்ஜினில் ஆயிலோடு தண்ணீர் கலந்தால், லைனரின் வெளிச்சுவரைப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் குழிகள் இருந்தால் அது கேவிட்டேஷன். பிஸ்டன் அடிக்கும் அதிர்வில் லைனர் நடுங்க, கூலன்டில் நீராவிக் குமிழிகள் உருவாகி லைனரின் மேல் வெடித்து உலோகத்தைப் பெயர்க்கின்றன. வெறும் தண்ணீர் ஊற்றியதும், கூலன்டில் சேர வேண்டிய பாதுகாப்பு மருந்து தீர்ந்துபோனதும்தான் பெரும்பாலும் காரணம். புது லைனர் போட்டு மறுபடியும் தண்ணீரையே ஊற்றினால், அடுத்த செட் லைனருக்கு இப்போதே பணம் ஒதுக்கி வைத்துவிடலாம்.

3. நம்பர் பிளேட்டைப் படம் எடுங்கள்

தவறான பாகம் வந்து சேர்வதுதான் மிக எரிச்சலான செலவு. போக்குவரத்து, திருப்பி அனுப்பும் கட்டணம், இயந்திரம் சும்மா நிற்கும் நாட்கள் எல்லாம் சேரும். இயந்திரத்தின் மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு என்ஜின் மாறும். ஒரே என்ஜினில்கூட பிஸ்டனும் இன்ஜெக்டரும் மாறும். கம்மின்ஸ் என்ஜினில் சீரியல் எண்ணோடு சிபிஎல் எண்ணும் பிளேட்டில் இருக்கும். அந்த என்ஜினுக்குள் எந்தப் பாகங்கள் போயின என்பதைச் சொல்வது அதுதான். கேட்டர்பில்லரில் சீரியல் எண்ணின் முன்னெழுத்துகளும் அரேஞ்ச்மென்ட் எண்ணும் முக்கியம். பிளேட் மங்கியிருந்தால் பிளாக்கில் குத்தியுள்ள எண்ணைச் சுத்தம் செய்து படம் எடுங்கள்.

இந்த இடத்தில் பலர் கவனிக்காத ஒரு சேமிப்பு ஒளிந்திருக்கிறது. இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் வேறு, உள்ளே இருக்கும் என்ஜினைச் செய்தவர் வேறாக இருக்கலாம். கோமாட்சுவின் 6டி102 வரிசை கம்மின்ஸின் 5.9 லிட்டர் பி சீரிஸ். 6டி114 என்பது 8.3 லிட்டர் சி சீரிஸ். 6டி107 என்பது கியூஎஸ்பி6.7. ஹிட்டாச்சியின் இசட்எக்ஸ்200-3 எக்ஸ்கவேட்டரில் இருப்பது இசுசு 4எச்கே1. கோபெல்கோ எஸ்கே200-8ல் ஹினோ ஜே05இ. பெர்கின்ஸ் என்ற என்ஜின் நிறுவனம் 1998ல் கேட்டர்பில்லரின் கைக்குப் போனது. கேட்டர்பில்லரின் சிறிய என்ஜின்கள் பலவும் பெர்கின்ஸ் வழி வந்தவை. ஆகவே இயந்திரக் கம்பெனியின் கவுன்டரில் மட்டும் விலை கேட்காமல், என்ஜின் செய்தவரின் கவுன்டரிலும் கேளுங்கள். ஆனால் "அதே என்ஜின்தானே" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். சம்ப் (என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி), ஃபேன், வயரிங், சில நேரம் டர்போ, இவை இயந்திரத்துக்கு ஏற்ப மாறும். பழைய பாகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய எண் நீக்கப்பட்டு வேறு எண் வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். கடையில் "கிடையாது" என்று சொல்லும் பாகம் புது எண்ணில் அலமாரியிலேயே இருக்கக்கூடும்.

4. கழற்றி, கழுவி, அளந்து, அப்புறம் ஆர்டர்

இந்த வரிசை மாறினால் பணம் போகும். ஒரு தடவை, பழக்கமான என்ஜின்தானே என்று நம்பி, சம்ப்பைக் கழற்றும் முன்பே ஸ்டாண்டர்டு சைஸ் மெயின் பேரிங் வரவழைத்தேன். கிராங்க் ஷாஃப்ட் ஏற்கெனவே ஒரு முறை கிரைண்டிங் (தேய்ந்த பரப்பைச் சீவிச் சீராக்குவது) பார்த்தது, 0.25 மி.மீ. குறைந்த சைஸ் என்பது பழைய பேரிங்கின் முதுகைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பிரித்த பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கிராங்க் ஜர்னலை (பேரிங் உட்காரும் உருண்டைப் பகுதியை) மைக்ரோமீட்டரால் ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். ஓவல் (வட்டம் நசுங்கியிருப்பது), டேப்பர் (ஒரு முனை மெலிந்திருப்பது) இரண்டும் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எல்லைக்குள் இருந்து, விரல் நகத்தில் தட்டும் கீறல் இல்லையென்றால், பாலிஷ் மட்டும் போதும். வெளியே போனால் கிரைண்டிங். 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று பேரிங் சைஸ்கள் வரும். உங்கள் என்ஜினுக்கு எந்த சைஸ் வரை கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டு கிரைண்டிங்குக்குக் கொடுங்கள். கடைசி சைஸுக்குப் பேரிங் கிடைக்காமல் நல்ல கிராங்க் இரும்புக் கடைக்குப் போன கதைகள் உண்டு. கிராங்கில் வெடிப்பு இருக்கிறதா என்று காந்தத் துகள் சோதனையில் பார்த்துவிட்டுத்தான் கிரைண்டிங் கூலியே கொடுக்க வேண்டும். வெடித்த கிராங்கை மெருகேற்றி என்ன பயன்?

சிலிண்டர் ஹெட்டும் அப்படித்தான். ஹெட் கேஸ்கட் போனால் ஹெட்டையே மாற்ற வேண்டியதில்லை. அழுத்தச் சோதனை, வெடிப்புச் சோதனை, நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜால் வளைவு பார்ப்பது, இந்த மூன்றிலும் தேறினால் வால்வு கைடும் சீட்டும் மாற்றி, தேவைப்பட்டால் ஃபேசிங் (அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது) பார்த்துப் போடலாம். ஹெட்டின் உயரம் மேனுவலில் சொன்ன குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. ஃபேசிங் பார்த்த பிறகு வால்வு எவ்வளவு உள்ளே உட்கார்ந்திருக்கிறது, இன்ஜெக்டர் நுனி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் அளக்க வேண்டும். லைனர் கழற்றி மாட்டினால் அதன் மேல்விளிம்பு பிளாக்கின் தளத்தைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதை டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஹெட்டை மூடாதீர்கள். இல்லாவிட்டால் புது கேஸ்கட் சீக்கிரமே திரும்பவும் ஊதும்.

மீண்டும் போடலாமா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லும் ஆளை நம்பாதீர்கள். கனெக்டிங் ராட், கேம், ராக்கர், கியர்கள், பிளாக் இவையெல்லாம் தேய்மான எல்லைக்குள் இருந்தால் தாராளமாகப் போடலாம். ஹெட் போல்ட்டுகளைப் பொறுத்தவரை சில என்ஜின்களுக்கு அதிகபட்ச நீளம் கொடுத்திருப்பார்கள். அளந்து, அதற்குள் இருந்தால் மறுபடியும் பயன்படுத்தலாம். இழுபட்டு நீளும்படி வடிவமைத்த போல்ட்டுகளுக்கு மேனுவல் "புதிதாகப் போடு" என்றால் புதிதாகத்தான் போட வேண்டும். ராட் போல்ட் விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதே இல்லை. அது அறுந்தால் ராட் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

5. எதற்கு ஒரிஜினல், எதற்கு மாற்று?

ஒரு பாகம் நான்கு முகத்தோடு சந்தைக்கு வருகிறது. என்ஜின் கம்பெனியின் பெட்டியில் வருவது ஒன்று. அந்தக் கம்பெனிக்கே அதைச் செய்து கொடுப்பவர் தன் சொந்தப் பெட்டியில் விற்பது இரண்டாவது. வேறொருவர் அளவெடுத்துச் செய்யும் மாற்றுப் பாகம் மூன்றாவது. இவை எதிலும் சேராத போலி நான்காவது.

சேமிப்பு அதிகம் கிடைப்பது இரண்டாவதில். இன்ஜெக்டர், பம்ப் என்றால் பாஷ், டென்சோ. டர்போ என்றால் ஹோல்செட், போர்க்வார்னர், காரெட். பிஸ்டன், லைனர் என்றால் மாலே. கேஸ்கட் என்றால் எல்ரிங், விக்டர் ரைன்ஸ். ஃபில்டர் என்றால் டொனால்ட்சன், ஃப்ளீட்கார்ட், மான். பழைய பாகத்தைக் கழுவிப் பார்த்தால் செய்தவரின் பெயரோ முத்திரையோ அதிலேயே பதிந்திருக்கும். அந்தப் பெயரையும் எண்ணையும் வைத்துத் தேடுங்கள்.

மாற்றுப் பாகத்தை எங்கே அனுமதிக்கலாம் என்பதற்கு என் அளவுகோல் எளிது: இது தோற்றால் கூடவே எது போகும்? ஆல்டர்னேட்டர் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், வால்வு கவர் கேஸ்கட், சைலன்சர் இவை போனால் கண்ணுக்குத் தெரியும், இயந்திரத்தை நிறுத்திவிடலாம். அங்கே நல்ல பெயருள்ள மாற்று போதும். மெயின் பேரிங், பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கட், ஆயில் பம்ப், இன்ஜெக்டர் இவற்றில் ஒன்று தோற்றால் என்ஜினையே கூட்டிக்கொண்டு போகும். இங்கே முதல் இரண்டு வகையைத் தாண்டி நான் இறங்குவதில்லை.

எரிபொருள் ஃபில்டரில் மிச்சம் பிடிப்பது சேமிப்பே ஆகாது. காமன் ரயிலில் அழுத்தம் 1,600 முதல் 2,000 பார் வரையிலும் அதற்கு மேலும் போகும். இன்ஜெக்டருக்குள் இடைவெளி சில மைக்ரான்தான். கடைசி ஃபில்டர் 2 முதல் 5 மைக்ரான் துகளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. விலை குறைந்த ஃபில்டரின் காகிதம் அதைப் பிடிக்கிறதா என்று பட்டறையில் சோதிக்க வழியே கிடையாது.

இரண்டு பாகங்களை ஒப்பிடும்போது விலையை ஓடும் மணிநேரத்தால் வகுங்கள். ஒரிஜினல் பத்துப் பங்கு விலை, 8,000 மணிநேரம் ஓடும். மாற்று ஆறு பங்கு விலை, 4,000 மணிநேரம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 8,000 மணிநேரத்துக்கு மாற்றில் பன்னிரண்டு பங்கு ஆகிறது. கூடவே இன்னொரு முறை கழற்றி மாட்டும் கூலி, இயந்திரம் நின்ற நாட்களின் வாடகை இழப்பு. ஆனால் இன்னும் 3,000 மணிநேரத்தில் விற்கப்போகும் பழைய இயந்திரம் என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது ஆறு பங்கு விலைதான் புத்திசாலித்தனம்.

6. ரீமேன் பாகமும் கோர் தொகையும்

டர்போ, இன்ஜெக்டர், வாட்டர் பம்ப், ஸ்டார்ட்டர், ஹெட், முழு என்ஜின் வரை தொழிற்சாலையிலேயே புதுப்பித்து, புதியதற்கான அளவுகளில் சோதித்து விற்கிறார்கள். அதுதான் ரீமேன். கேட்டர்பில்லர் இதை 1973லேயே தொடங்கிவிட்டது. கம்மின்ஸிலும் ரீகான் என்ற பெயரில் உண்டு. புதியதைவிட விலை குறைவு, உத்தரவாதமும் வரும். நிபந்தனை ஒன்றுதான்: பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்காக ஒரு கோர் தொகையை முன்பணமாகப் பிடித்து வைப்பார்கள்.

இந்தக் கோர் தொகையைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழைய பாகத்தைக் கழற்றியதும் ஆயிலை வடித்து, துளைகளை மூடி, புதியது வந்த அதே பெட்டியில் வையுங்கள். ஆர்வக்கோளாறில் பிரித்துப் பார்க்காதீர்கள். பாகம் குறைந்தால் தொகை குறையும். வெளியே மழையில் போட்டுத் துரு பிடித்தாலும் குறையும். ராட் துளைத்த பிளாக்கும் வெடித்த ஹெட்டும் பெரும்பாலும் ஏற்கப்படாது. திருப்பிக் கொடுக்கக் கடைசித் தேதி எது என்பதை வாங்கும்போதே பில்லில் எழுதி வாங்குங்கள்.

டர்போவில் முழுசாக வாங்காமல் நடுவில் உள்ள கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றும் வழியும் உண்டு. வெளிக்கூடுகள் வெடிப்பில்லாமல், சக்கரம் உரசாமல் இருந்தால் சரி. இறக்கைக் கோணம் மாறும் வகை டர்போ என்றால் ஆக்சுவேட்டரைக் கணினியில் கேலிபரேட் செய்ய வேண்டும்; அதற்குரிய கருவி இல்லாத பட்டறையில் இதில் இறங்காதீர்கள். காமன் ரயில் இன்ஜெக்டர் பலவற்றில் தலையில் ஒரு குறியீடு இருக்கும். அதை ஈசிஎம்மில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) ஏற்றாவிட்டால் நல்ல இன்ஜெக்டரே புகை தள்ளும், என்ஜின் தட்டும். "பாகம் மோசம்" என்று பழி கடைக்காரர் மேல் விழும்.

7. பழைய என்ஜினிலிருந்து எடுத்த பாகங்கள்

பிளாக், ஃப்ளைவீல், ஃப்ளைவீல் ஹவுசிங், டைமிங் கவர், பிராக்கெட்டுகள், மேனிஃபோல்டு இவற்றைப் பழையதாக வாங்குவதில் தயக்கமே வேண்டாம். கிராங்க், ஹெட், கேம் என்றால் வெடிப்புச் சோதனையில் தேறினால் மட்டும் பணம் என்று பேசி வாங்குங்கள். பேரிங், ரிங், சீல், கேஸ்கட், தெர்மோஸ்டாட், ரப்பர் டேம்பர் இவற்றை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

8. போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்டியைவிடப் பாகத்தையே பாருங்கள். பெட்டியும் ஹாலோகிராமும் நகலெடுக்க எளிது. பழைய ஒரிஜினலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து எடை போடுங்கள். வார்ப்பு எழுத்துகளின் கூர்மை, மெஷின் பார்த்த பரப்பின் சீர், ஃபில்டரில் மடிப்புகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், சீல் ரப்பரின் மென்மை, இவற்றில் போலி மாட்டிக்கொள்ளும். பேரிங்கின் சுவர்த் தடிமனை மைக்ரோமீட்டரால் அளந்தால் இன்னும் தெளிவு. எல்லோரும் சொல்லும் விலையில் பாதிக்கு ஒருவர் ஒரிஜினல் தருகிறார் என்றால், அது எப்படி முடிகிறது என்று அவரையே கேளுங்கள்.

9. விலை கேட்கும் முறை

இப்போதுதான் பேரம். கையில் எண்களோடும் அளவுகளோடும் பட்டியல் இருந்தால் மூன்று இடங்களில் ஒரே பட்டியலைக் கொடுத்து விலை கேட்கலாம். கிட்டாக வாங்குவது பெரும்பாலும் மலிவு, ஆனால் கிட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சேசிஸிலேயே வைத்துக் கட்டுவதற்கான கிட் ஒரு மாதிரி, என்ஜினை இறக்கிக் கட்டுவதற்கான கிட் ஒரு மாதிரி. ஹெட் மட்டும் கழற்றுபவருக்கு மேல் கேஸ்கட் செட் போதும். முழு செட்டின் மீதி அலமாரியில் காய்ந்து போகும்.

விமானத்தில் வரும் அவசரப் பாகத்தின் போக்குவரத்துச் செலவு சில நேரம் பாகத்தின் விலையைத் தொட்டுவிடும். ஒரே என்ஜின் கொண்ட இயந்திரங்கள் இரண்டு மூன்று இருந்தால் பெல்ட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், இன்ஜெக்டர் வாஷர், ஹோஸ் இவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். உத்தரவாதம் பற்றிக் கேட்கும்போது, பாகத்துக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். பெரும்பாலும் பாகத்துக்கு மட்டும்தான்.

10. பூட்டும்போது மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள்

பேரிங் அரைபட்ட என்ஜினில் அதன் உலோகத் துகள் ஆயில் கூலருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். கூலரை எவ்வளவு கழுவினாலும் முழுக்க வெளியே வராது, மாற்றிவிடுங்கள். டர்போவின் ஆயில் குழாயும் அப்படியே. உயர் அழுத்த டீசல் பம்ப் உலோகம் உதிர்த்திருந்தால் ரயில், குழாய்கள், இன்ஜெக்டர்கள் எல்லாவற்றிலும் அது பரவியிருக்கும். பம்பை மட்டும் மாற்றினால் பழைய துகள் புது இன்ஜெக்டர்களையும் தின்னும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் அழுத்தம் ஏற்றி, டர்போவின் ஆயில் வாயில் ஆயில் ஊற்றுங்கள்.

11. ஓடத் தொடங்கிய பிறகு

ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் ஒரு சிறு குப்பி ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சோதனைக் கட்டணம் ஒரு ஃபில்டர் விலை அளவுக்குக்கூடப் பெரும்பாலும் வராது. சிலிக்கான் ஏறினால் தூசி நுழைகிறது. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள கிளாம்பைத் தேடுங்கள். சோடியம் ஏறினால் கூலன்ட் கலக்கிறது. ஈயமும் தாமிரமும் சேர்ந்து ஏறினால் பேரிங் தேய்கிறது. அந்தக் கட்டத்தில் சம்ப்பை இறக்கி பேரிங்கை மட்டும் மாற்றினால் கிராங்க் தப்பிக்கும். புதிதாகக் கட்டிய என்ஜினின் முதல் அறிக்கையில் சிலிக்கான் கூடுதலாக வந்தால் பதறி மீண்டும் பிரித்துவிடாதீர்கள். கேஸ்கட்டுக்குத் தடவிய சிலிகான் பசையிலிருந்தும் அது வரும். ஆயில் இரண்டு முறை மாற்றிய பிறகும் குறையவில்லை என்றால் மட்டும் ஏர் பைப்பைத் தொடுங்கள்.